காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா? எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட எங்கே நிற்கும் என்பதே முக்கியம்

மல்லாட்டை காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், விடிவதற்குள் அரைக் காணி கொல்லையை உழுது போட்டதுபோல் ஆக்கிவிடும். விதைத்த இரண்டாம் நாளே சால் பிடித்துப் பருப்பைத் தோண்டித் தின்பதும் உண்டு. செஞ்சி, தேசூர், வந்தவாசி வட்டாரத்தில் சீயமங்கலம் போலக் குன்றும் கொல்லையும் கழனியும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் மல்லாட்டை, மரவள்ளி, கரும்பு, மக்காச்சோளம், பால் பிடித்த நெல் என எதுவும் தப்புவதில்லை.

இதனால் விவசாயிகள் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "துப்பாக்கி உரிமம் வாங்கலாமா? எந்தத் தோட்டா போட்டால் பன்றி விழும்? தூரத்தில் இருந்தே சுட முடியுமா?" இதற்கான பதிலை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். யார் சுடலாம் என்பது முதல் பகுதி. எந்தத் தோட்டா என்ன செய்யும் என்பது இரண்டாவது. சுடும் இரவில் நில உரிமையாளரான உங்கள் வேலை என்ன என்பது மூன்றாவது.

முதலில் சுருக்கமான பதில். தமிழ்நாட்டில் இன்று காட்டுப்பன்றியைச் சுடுவது வனத்துறையின் வேலை. உங்களிடம் உரிமம் உள்ள துப்பாக்கி இருந்தாலும் நீங்களாகச் சுட முடியாது. தோட்டாவைப் பொறுத்தவரை, நம் ஊர் நிலத்துக்கு ஏற்றது கிட்டத்தில், உயரத்தில் இருந்து, மண்ணை நோக்கிச் சுடும் முறை. தூரத்தில் இருந்து சுடும் முறை இங்கே ஆபத்து. காரணத்தைக் கணக்கோடு பார்ப்போம்.

சட்டம் இரண்டு, அனுமதியும் இரண்டு

துப்பாக்கி வைத்திருப்பதற்கு ஒரு சட்டம், வன உயிரினத்தைச் சுடுவதற்கு இன்னொரு சட்டம். ஒன்றில் அனுமதி கிடைத்தால் மற்றதிலும் கிடைத்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

துப்பாக்கிக்கு உரியது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று உரிமம் வழங்கும் அலுவலர் கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி இல்லாத வேறு துப்பாக்கிக்கும் தரலாம். நாம் பன்னிரண்டு போர் என்று சொல்லும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இந்த வகை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டம் சொல்லும் இந்த இடத்தில் ரைபிள் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணை அறிக்கை வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும், துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க இடமும் வேண்டும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைக்க வேண்டும்.

பன்றிக்கு உரியது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022-இல் இதைத் திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்து என்றால், 11-ஆம் பிரிவின் கீழ் முதன்மை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ காரணம் காட்டி எழுத்து மூலம் அனுமதி தரலாம். அந்த ஆணை இல்லாமல் சுட்டால் அது வேட்டைக் குற்றம். சிறையும் அபராதமும் உண்டு, துப்பாக்கியும் வண்டியும் பறிமுதலாகும்.

திடீரெனப் பாய்ந்து வரும் பன்றியிடம் இருந்து உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்தது குற்றம் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதியில்லாத துப்பாக்கியோடு வேட்டைக்குப் போனவர் "பன்றி பாய்ந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது.

2025 ஜனவரி அறிவிப்பு: மூன்று வளையம்

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறை காப்புக்காட்டில் இருந்து உள்ள தூரத்தை அடிப்படையாகக் கொண்டது.

- காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டர் வரை: சுடக் கூடாது.
- 1 முதல் 3 கிலோமீட்டர் வரை: கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள்.
- 3 கிலோமீட்டருக்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்.

ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனவர் ஆகியோர் கொண்ட கிராம அளவிலான குழுவின் வழியாக இது நடக்கிறது. நம் வட்டாரத்தில் காப்புக்காடுகள் துண்டு துண்டாக, ஊர்களுக்கு நடுவிலேயே கிடக்கின்றன. ஒரே ஊரில் கிழக்குக் கொல்லை ஒரு வளையத்திலும் மேற்குக் கொல்லை இன்னொரு வளையத்திலும் விழலாம். அதனால் மனுவில் ஊர்ப் பெயரோடு புல எண்ணையும் எழுதுங்கள். இன்னொன்று, செஞ்சி விழுப்புரம் மாவட்டம், சீயமங்கலம் திருவண்ணாமலை மாவட்டம். பக்கத்து ஊர்க்காரர் மனு கொடுத்த வனச்சரகம் உங்களுக்கும் உரியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நிலம் எந்தச் சரகத்தில் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"கேரளாவில் ஊர்க்காரர்களே சுடுகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் கொடுத்தார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியல் எடுத்து அவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். அது அந்த மாநிலத்தின் ஆணை. இங்கே பொருந்தாது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

சுடப்போவது வனத்துறை என்றாலும், தோட்டாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். உங்கள் கொல்லையில் சுடும்போது எந்தப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது, மாட்டை எங்கே கட்டலாம், பம்புசெட் கொட்டகையில் யாராவது படுத்திருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தோட்டாவைப் பொறுத்தது.

ஒரு தோட்டாவில் கூடு, அடியில் தட்டினால் தீப்பற்றும் மூடி, உள்ளே மருந்து, முன்னால் குண்டு என நான்கு பகுதிகள். பன்னிரண்டு போர் தோட்டாவில் முன்னால் பல ஈயக்குண்டுகள் இருக்கும். ரைபிள் தோட்டாவில் ஒரே குண்டு. ரைபிள் குழலின் உள்ளே முறுக்கு வரி வெட்டியிருப்பதால் குண்டு சுழன்றுகொண்டே நேராக வெகுதூரம் போகும். வரி இல்லாத குழலில் இருந்து வரும் ஈயக்குண்டுகள் விரைவில் சிதறி, விரைவில் வேகம் இழக்கும்.

பன்னிரண்டு போர்: எண்ணைப் பார்த்து எடை போடுங்கள்

நம் நாட்டில் இன்னும் பழைய ஆங்கிலேய அளவுப் பெயர்களே புழக்கத்தில் இருக்கின்றன. ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம் ஈயத்தில் எத்தனை குண்டு வரும் என்பதுதான் கணக்கு.

- எல்.ஜி.: 6 குண்டு. ஒவ்வொன்றும் சுமார் 4.7 கிராம்.
- எஸ்.ஜி.: 8 குண்டு. ஒவ்வொன்றும் 3.5 கிராம்.
- நான்காம் எண்: சுமார் 170 குண்டு.
- ஆறாம் எண்: சுமார் 270 குண்டு. ஒவ்வொன்றும் 0.1 கிராம்தான்.

நான்காம் எண்ணும் ஆறாம் எண்ணும் பறவை அளவுக்கானவை. பன்றியின் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே அவை இறங்காது. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் தடித்த கேடயம் போன்ற தோல் இருக்கும். அதில் சிறு குண்டு பட்டால் பன்றி சாகாது. காயத்தோடு கரும்புக்குள் ஓடி ஒளிந்து, மறுநாள் காலையில் களை எடுக்க வரும் பெண்கள் மேல் பாயும். பன்றிக்கு என்றால் எல்.ஜி., எஸ்.ஜி., இல்லையென்றால் ஒற்றை ஈயக்கட்டி உள்ள தோட்டா. இந்த மூன்றைத் தவிர வேறு இல்லை.

தூரம் எவ்வளவு? ஈயக்குண்டுக் கூட்டம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் விரிகிறது என்பது பழைய கைக்கணக்கு. 30 மீட்டரில் அது முக்கால் மீட்டர் அகல வட்டம். அந்த வட்டத்தில் எட்டுக் குண்டு என்றால், பன்றியின் நெஞ்சில் படுவது மூன்றோ நான்கோதான். 60 மீட்டரில் வட்டம் ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். ஒரு குண்டு பட்டாலே அதிர்ஷ்டம், அதுவும் வயிற்றிலோ காலிலோ படும். ஆகவே பல குண்டுத் தோட்டாவுக்கு 30 முதல் 35 மீட்டரே எல்லை. கொல்லையில் அடி வைத்தால் நாற்பது, நாற்பத்தைந்து எட்டு. அதற்கு மேல் சுடுவது பன்றியைக் காயப்படுத்தும் வேலை.

ரைபிள்: .22, .315, .30-06

துப்பாக்கிக் குழலின் உள் அகலத்தை அங்குலத்தில் சொல்வதுதான் இந்த எண்கள்.

.22 என்பது பயிற்சிக்கும் போட்டிக்கும் உரிய சிறு தோட்டா. குண்டு 2.6 கிராம். சத்தம் குறைவு என்பதால் பலர் இதைக் கேட்கிறார்கள். பன்றிக்கு இது ஆகவே ஆகாது. நின்று கொல்லும் பலம் கிடையாது. ஆனால் தப்பிய குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஆளைக் கொல்லும். பலம் குறைவு, ஆபத்து அதிகம் என்ற இரண்டு கெடுதலும் இதில் உண்டு.

.315 என்பது 8 மி.மீ. ஆஸ்திரியாவின் மான்லிக்கர் தோட்டாவை அடிப்படையாகக் கொண்டது. .303 போன்ற ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்கள் கையில் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் இது இந்தியாவில் வேட்டைத் துப்பாக்கிக்கான அளவாக நிலைத்தது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பல ஆண்டுகளாக இந்த ரைபிளைச் செய்துவருகிறது. குண்டு சுமார் 16 கிராம், .22 குண்டைப்போல் ஆறு மடங்கு எடை. பன்றியை நிறுத்தப் போதுமான பலம் இதில் உண்டு.

.30-06 என்பது அமெரிக்க ராணுவம் 1906-இல் ஏற்ற தோட்டா. பெயரில் உள்ள 06 அந்த ஆண்டைத்தான் குறிக்கிறது. இதுவும் பன்றிக்குப் போதும், போதாதற்கு இன்னும் மிச்சமும் உண்டு. அந்த மிச்சம்தான் சிக்கல். .315, .30-06 இரண்டுமே பன்றியின் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறக் கூடியவை. தடை இல்லாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். அந்தத் தூரத்துக்குள் நம் பக்கம் எத்தனை ஊர், எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை சாலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கைப்பேசிக் காணொளிகளும் நம் கொல்லையும்

அமெரிக்காவில் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டும் புல்வெளி நாய் என்ற அணில் இனத்தை 300 மீட்டரில் இருந்து சுடும் காணொளிகளை இளைஞர்கள் பார்க்கிறார்கள். அதற்கென்றே .222, .22-250 போன்ற தோட்டாக்கள் அங்கே உண்டு. குண்டு மிக லேசு, வேகம் மிக அதிகம். பட்டவுடன் உடைந்து சிதறும்படி மெல்லிய உறை போட்டிருப்பார்கள். ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்குச் செய்த குண்டு அது. 60, 80 கிலோ பன்றியின் தோளில் பட்டால் மேலேயே உடைந்துவிடும், உள்ளே இறங்காது.

நிலமும் வேறு. அங்கே மைல் கணக்கில் ஆள் இல்லாத புல்வெளி. சுடுபவருக்குப் பகல் வெளிச்சம், தொலைநோக்கி, முன்னால் மேடு. இங்கே இரவு, டார்ச் வெளிச்சம், அரை ஏக்கருக்கு ஒரு வரப்பு, வரப்புக்கு ஒரு காவலாள். ஆகையால் அங்கே உள்ள "தூரச் சுடுதல்" முறையை இங்கே கொண்டுவர வழியே இல்லை.

கணக்கு: குண்டு எங்கே நிற்கும்?

இந்தக் கட்டுரையில் மறக்கக் கூடாத பகுதி இதுதான். பன்றியின் நெஞ்சு தரையில் இருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நின்றுகொண்டு சுடுபவரின் குழல் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரை சமம். குண்டு பன்றியைத் துளைத்துப் போனால் எங்கே மண்ணில் இறங்கும்?

- தரையில் நின்று 30 மீட்டரில் சுட்டால்: பன்றிக்கு 12 மீட்டர் பின்னால்.
- தரையில் நின்று 100 மீட்டரில் சுட்டால்: 40 மீட்டர் பின்னால்.
- தரையில் நின்று 200 மீட்டரில் சுட்டால்: 80 மீட்டர் பின்னால்.
- பரண் மேல், குழல் 4 மீட்டர் உயரத்தில், 30 மீட்டரில் சுட்டால்: மூன்றரை மீட்டருக்குள்.

குறி ஒரு முழம் மேலே தப்பிவிட்டது என்றால்? தரையில் நின்று 100 மீட்டரில் சுட்ட குண்டு பன்றியின் முதுகுக்கு மேலாகச் சென்று 150 மீட்டருக்கு அப்பால்தான் தரையைத் தொடும். பரணில் இருந்து 30 மீட்டரில் சுட்ட குண்டு, அதே அளவு தப்பினாலும், 8 மீட்டரில் மண்ணுக்குள் இறங்கிவிடும். இது தோராயக் கணக்குதான், ஆனால் வித்தியாசம் எத்தனை பெரியது என்று பாருங்கள். 150 மீட்டரில் அடுத்தவர் கொல்லை இருக்கிறது. 8 மீட்டரில் உங்கள் வரப்புதான் இருக்கிறது.

இன்னொன்று, 100 மீட்டரில் இருந்து வரும் குண்டு தரையோடு தரையாகப் படுகிறது. அப்படிப் படும் குண்டு மண்ணில் இறங்காமல் எகிறும். ஏரித் தண்ணீரில் சில்லுக்கல் எறிந்து தாவ விடுவது போலத்தான். பரணில் இருந்து வரும் குண்டு சரிவாக வந்து உழுத மண்ணில் புதைந்துவிடுகிறது.

இதனால்தான் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சுடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரண், கிட்டம், பின்னால் ஈர மண். இந்த மூன்றும் அமைந்தால் எல்.ஜி. தோட்டாவே போதும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எந்தத் தோட்டாவும் சரியில்லை.

பாறை, தண்ணீர், கரும்பு

செஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகள் கருங்கல் உருண்டைகளை அடுக்கிவைத்தது போல இருப்பவை. மண் மேடு குண்டை வாங்கிக்கொள்ளும். கருங்கல் திருப்பி அனுப்பும், எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. "பின்னால் மலைதானே இருக்கிறது, குண்டு அங்கே நின்றுவிடும்" என்று எண்ணுவது நம் வட்டாரத்தில் செய்யக் கூடிய பெரிய தப்பு. சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் இருப்பதும் அப்படியான பாறையில்தான். செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. இந்த இடங்களுக்கு ஆள் நடமாட்டம் எப்போதும் உண்டு. குன்றை நோக்கிச் சுடவே கூடாது.

ஏரி, குட்டை, நீர் நிற்கும் கழனி ஆகியவற்றின் மேலும் குண்டு தாவும். கரும்பும் மக்காச்சோளமும் குண்டைத் தடுக்காது, பார்வையைத்தான் தடுக்கும். கரும்புக்குள் அசைவு தெரிந்தது என்று சுடுவது கண்ணை மூடிக்கொண்டு சுடுவதற்குச் சமம். இரவில் கரும்புக்குள் இருப்பது மடை திருப்பப் போன ஆளாகவும் இருக்கலாம்.

சுடும் இரவில் உங்கள் வேலை

வனத்துறைக் குழு வரும் என்று தெரிந்ததும் நில உரிமையாளர் செய்ய வேண்டியவை:

1. பன்றி இறங்கும் தடம், புரளும் சேற்றுக்குட்டை, வரும் நேரம் ஆகியவற்றை நான்கைந்து நாள் தொடர்ந்து குறித்துவையுங்கள். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் எழுதுங்கள்.
2. பரண் போட இடம் காட்டுங்கள். தடத்தில் இருந்து 25, 30 மீட்டர். பின்னால் உழுத நிலமோ மண் கரையோ இருக்க வேண்டும். கருங்கல், சாலை, வீடு, மின்கம்பம் இருக்கக் கூடாது.
3. சுற்றியுள்ள நிலக்காரர்கள் அனைவருக்கும் நேரில் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் சொன்னது போதும் என்று விடாதீர்கள். பம்புசெட் கொட்டகையிலும் காவல் குடிசையிலும் படுப்பவர்களைத் தனியாகப் போய்ப் பாருங்கள்.
4. மடை பார்க்க, மோட்டார் போட அன்று இரவு யாரும் போகக் கூடாது. ஆடு மாடு பட்டியைச் சுடும் திசையில் இருந்து மாற்றிவிடுங்கள்.
5. குழுவோடு நீங்கள் நடக்க வேண்டியிருந்தால் சுடுபவருக்குப் பின்னால் மட்டும் நில்லுங்கள். முன்னால் ஓடி டார்ச் அடிக்காதீர்கள்.
6. பன்றி அடிபட்டு ஓடினால் இருட்டில் பின்தொடராதீர்கள். விடிந்தபின் குழு தேடட்டும். அதுவரை அந்தப் பக்கம் வேலைக்கு ஆள் அனுப்பாதீர்கள்.
7. விழுந்த பன்றியைத் தொடாதீர்கள். 11-ஆம் பிரிவின்படி சுடப்பட்ட வன உயிரினம் அரசின் சொத்து. கறியைப் பங்கு போடுவதும் விற்பதும் குற்றம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் கறி, இரத்தம், செருப்பு வழியாக ஊரில் வளர்க்கும் பன்றிகளுக்குப் போய்விடும்.

ஒருபோதும் கூடாதவை

கள்ளத் துப்பாக்கி: பட்டறையில் தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்தது எத்தனை அழுத்தம் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் விரலும் கண்ணும்.

அவுட்டுக்காய்: பழத்துக்குள் வெடி வைத்துப் போடுவது. கடித்தது பன்றியா, பசுவா, ஊர் நாயா, விளையாடப் போன குழந்தையின் கையா என்று வெடிக்குத் தெரியாது.

மெயின் லைன் கம்பி: மின்சாரத்தில் கொக்கி போட்டு வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டுவது. பக்கத்து நிலத்துக்காரரும், சில வேளை கட்டியவரும் இதில் சாகிறார்கள். வழக்கு கொலைக் குற்றத்துக்கு ஒப்பான பிரிவில் பதிவாகக் கூடும். சூரிய மின்வேலி வேறு. அதில் நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதற்கும் குறைந்த நேரம் மட்டும் மின்துடிப்பு வரும். விலங்கு அதிர்ந்து விலகிவிடும், சாகாது. அதற்கும் 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகள் உண்டு. காட்டுக்கு அருகில் உள்ள நிலம் என்றால் வனத்துறையிடம் அனுமதியும் பதிவும் வேண்டும்.

காற்றுத் துப்பாக்கி: 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் திறனுக்கும் மிகாததற்கு உரிமம் தேவையில்லை. உரிமம் வேண்டாம் என்பதால் மயிலைச் சுடலாம் என்று ஆகாது. மயில் முதல் அட்டவணையில் உள்ள தேசியப் பறவை. பன்றிக்கோ இது உறைக்கவும் உறைக்காது.

குழு வரும்வரை பயிரைக் காக்க

ஒரு பெண் பன்றி சுமார் நான்கு மாதத்தில் நான்கு முதல் எட்டுக் குட்டி வரை ஈனும். இரண்டு பன்றியைச் சுட்டதோடு தொல்லை முடியாது. வேலி இல்லாத கொல்லைக்கு மிச்சம் உள்ளவை திரும்ப வரும்.

- மல்லாட்டைக் கொல்லையைச் சுற்றி முள் உள்ள குசும்பாவை நான்கு வரிசை விதையுங்கள். மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு.
- தரையில் இருந்து ஓர் அடி இடைவெளியில் மூன்று வரிசை முள்கம்பி. கீழ்க் கம்பி தளர்ந்தால் பன்றி மூக்கால் தூக்கி நுழைந்துவிடும். வாரம் ஒரு முறை இழுத்துக் கட்டுங்கள்.
- வலைவேலி போட்டால் ஓர் அடியை மண்ணுக்குள் புதைத்துப் போடுங்கள்.
- விதைத்த முதல் பத்து நாளும், காய் பிடித்ததில் இருந்து அறுவடை வரையும் ஊர் சேர்ந்து முறைக்காவல் வையுங்கள். இந்த இரண்டு காலத்தில்தான் சேதம் அதிகம்.
- சூரிய மின்வேலிக்கு மானியம் நடப்பில் உள்ளதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் செலவு குறையும்.

இந்த வாரமே செய்யக் கூடியது

சேதமான கொல்லையைப் பகல் வெளிச்சத்தில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பன்றியின் குளம்புத் தடத்தையும் எடுங்கள். புல எண், பயிர், விதைத்த நாள், சேதமான அளவு ஆகியவற்றை எழுதி, சிட்டா அடங்கல் நகலோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதே மனுவில் பயிர் இழப்பீட்டையும் கேளுங்கள். தனி ஆளாகப் போவதைவிடப் பக்கத்து நிலக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து கொடுத்தால் குழு வருவதும் எளிது, சுடும் இரவில் அந்த ஐந்து கொல்லையும் காலியாக இருப்பதும் உறுதி.

துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் பணம் செலவழிக்கும் முன் உங்கள் கொல்லையின் நான்கு மூலையிலும் நின்று பாருங்கள். குண்டு பாதுகாப்பாக இறங்க மண் இருக்கும் திசை எத்தனை என்று எண்ணுங்கள். பெரும்பாலான கொல்லைகளில் ஒரு திசைதான் தேறும், சிலவற்றில் அதுவும் தேறாது. அப்படிப்பட்ட நிலத்துக்குத் துப்பாக்கியைவிட வேலிதான் நல்ல முதலீடு. பயிர் வரிசை, வேலி அமைப்பு பற்றிய விளக்கம் வேண்டுவோர் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.